அண்டி ஆபீசும் அடுக்களையும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே!

பி.காம். முதல் வருஷம் கணக்குப்பதிவியலில் ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் சொல்லித் தருவார்கள். பண மதிப்பீட்டுக் கருத்து. பணத்தால் அளக்க முடிந்ததை மட்டும்தான் ஏட்டில் எழுதலாம். கடைக்கு வாங்கிய மேசை ஏட்டில் வரும். கடை முதலாளிக்குத் தூக்கம் வருகிறதா, வேலையாட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்பது வராது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கினேன். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

என் அம்மா கல்யாணத்துக்கு முன்பும் பின்புமாகப் பல வருஷம் அண்டி ஆபீசுக்குப் போனவர். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் விளவங்கோடு பக்கம் முந்திரிக்கொட்டையை அண்டி என்போம். முந்திரி ஆலைதான் அண்டி ஆபீஸ். பெயரில் ஆபீஸ் இருக்கிறதே தவிர ஃபேனும் நாற்காலியும் இருக்காது :-)

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அம்மா வேலையை விட்டார். அப்பா வளைகுடாவில் கொஞ்சம் நல்ல சம்பளத்துக்கு மாறியிருந்தார். "இனி நீ எதுக்கு வேலைக்குப் போகணும், வீட்டுல இரு" என்றார். ஊரில் அது ஒரு மரியாதை. அந்த வீட்டுப் பொம்பிளை வேலைக்குப் போக வேண்டியதில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். அம்மாவும் சந்தோஷமாகத்தான் நின்றார். ஆறேழு மாதத்தில் தலைவலி தொடங்கியது. பிறகு தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க எரிச்சல். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஸ்கேன், எல்லாம் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் நார்மல். பாட்டி மட்டும் "அவளுக்கு வெப்ராளம்" என்றார்.

என் சித்தி இதற்கு நேர்மாறு. ஜவுளிக்கடையில் வேலை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டு, நாள் முழுக்க நின்று துணி எடுத்துக் காட்டிவிட்டு, ராத்திரி வந்து மறுபடியும் அடுக்களைக்குள் போவார். "ஒங்க அம்மைக்கு வருத்தப்படதுக்கு நேரம் இருக்கு. எனக்கு அழுததுக்குக்கூட நேரம் கிட்டாது மக்களே" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வேலைக்குப் போகிற பெண்ணின் மனசு நன்றாக இருக்குமா, வீட்டில் இருக்கிற பெண்ணின் மனசு நன்றாக இருக்குமா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது இல்லையா! ஆனால் எங்கள் மாவட்டத்துப் பழைய கதைகளைத் தேடிப் படித்தபோது, கேள்வியே கொஞ்சம் தவறோ என்று தோன்றியது.

ஊளம்பாறை

மனசு சரியில்லை என்றால் சென்னைக்காரர்கள் கீழ்ப்பாக்கம் என்று கிண்டல் செய்வார்கள். எங்கள் ஊரில் அந்த இடத்தில் வருவது ஊளம்பாறை. திருவனந்தபுரத்தில் இருக்கும் மனநல மருத்துவமனை அது. 1870-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள் அல்லவா, மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தச் சொல் மட்டும் சேராமல் நின்றுவிட்டது.

இதில் ஒரு பெரிய கெடுதல் உண்டு. மனசுக்கு மருத்துவம் என்றாலே சங்கிலி, பூட்டிய அறை என்று ஒரே படம்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்தப் படம் நாடு முழுக்கப் பதிந்துபோனது. ஆனால் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு குடும்பப் பெண்ணுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. அவள் பைத்தியம் இல்லை, அதனால் நோயாளியும் இல்லை. தலைவலி மாத்திரைதான்!

வெப்ராளம் என்ற சொல் அந்த இடைவெளியை நிரப்ப எங்கள் பாட்டிமார் வைத்திருந்த சொல். பதற்றம், பயம், காரணமில்லாத தவிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் இதே மாதிரி நிலைக்கு 'குஃபுங்கிசிசா' என்கிறார்களாம். அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். அந்த நாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

லேஸ் ஊசியும் விடுதலைப் பணமும்

எங்கள் மாவட்டத்தில் பெண்கள் கூலிக்கு வேலை செய்து, பணத்தைத் தங்கள் கையில் வாங்கிய பழைய கதைகளில் முக்கியமானது லேஸ் பின்னல். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி 1819-ல் நாகர்கோவில் வந்தார்கள். பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் 1820-களின் தொடக்கத்தில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படியே இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் 1820-களில் வெடித்து, பலமுறை மீண்டும் வெடித்து, 1859-ல்தான் அரசு ஆணையாக ஒரு முடிவுக்கு வந்தது. இப்படி ஒரு ஊரில், லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்து அடிமைக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலர் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன.

மனநலம் என்ற வார்த்தை அன்று இல்லை. ஆனால் நான்கைந்து பெண்கள் ஒரு வராந்தாவில் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே வேலையைச் செய்துகொண்டு, பேசிக்கொண்டு, காசைத் தங்கள் கையில் வாங்குகிறார்கள். இந்த மூன்றும் (கூட்டம், பேச்சு, கைக்காசு) எனக்கு முக்கியமாகப் பட்டன. எழுத எழுத மறுபடியும் இவை வரும்.

ஒரு எச்சரிக்கை. லேஸ் பின்னல் எல்லா இடத்திலும் விடுதலை தந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவில் நரசாப்பூர் பகுதியிலும் மிஷனரிகள் வழியாகத்தான் லேஸ் வந்தது. அங்கே மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1970-களின் கடைசியில் போய் ஆராய்ந்து, 1982-ல் புத்தகம் வெளியிட்டார். அங்கே பெண்கள் அவரவர் வீட்டுக்குள் தனித்தனியாகப் பின்னினார்கள். நூல் கொண்டு வருவதும் ஆண், விற்பதும் ஆண். நாள் முழுக்கப் பின்னி வெளிநாட்டுச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிய பெண்களை, சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ செய்கிற இல்லத்தரசிகள் என்றே எல்லோரும் கணக்கு வைத்தார்கள். ஊசியும் நூலும் ஒன்றுதான். கூட்டமும் கைக்காசும் இல்லை.

சொத்து பெண் வழி, சொல் ஆண் வழி

எங்கள் பகுதி மருமக்கள் வழி இருந்த பகுதி. நாயர்களும் நாஞ்சில் நாட்டு வேளாளர்களும் சொத்தை மகனுக்குக் கொடுக்காமல் சகோதரியின் மகனுக்குக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், பெண்களுக்கு என்ன ஒரு பாதுகாப்பு என்பார்கள். பாதி உண்மை. நாயர் தறவாட்டில் பெண் தன் பிறந்த வீட்டிலேயே, அம்மா, அக்கா, தங்கைகளோடு இருந்தாள். கணவன் சரியில்லை என்றாலும் தலைக்கு மேலே கூரை உண்டு. பேச ஆள் உண்டு.

நாஞ்சில் வேளாளர் வீட்டில் நிலைமை வேறு. பெண் கணவன் வீட்டுக்குப் போய் வாழ்ந்தாள். சொத்து மட்டும் கணவனின் மருமகனுக்குப் போனது. கணவன் இறந்தால் அவளும் பிள்ளைகளும் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது இதைப் பற்றித்தான். படிக்கும்போது சிரிப்பு வரும், ஆனால் கதை சொல்வது அந்த ஏற்பாட்டில் சிக்கிய ஒரு மனைவி. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பழைய முறையை மாற்றியது. நாயர்களுக்கு அதற்கு முந்தைய வருஷம் சட்டம் வந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது: சொத்து யார் பெயரில் என்பதைவிட, கஷ்டம் வரும்போது அவளைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பனையடியில் வேலை செய்தவள் வேலைக்காரி இல்லையாம்

ஆண் பனையேறி பதநீர் இறக்குவான். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெண். விறகு பொறுக்குவது, அடுப்பருகே மணிக்கணக்காக நின்று கிண்டுவது, சிரட்டையில் ஊற்றுவது எல்லாம் அவள். கருப்பட்டி சந்தைக்குப் போனால் வருமானம் பனையேறியின் பெயரில். அவள் 'வீட்டில் இருக்கிறாள்'.

பொருளாதாரத்தில் பிகூ என்ற ஆங்கிலேயர் 1920-ல் சொன்ன ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியையே கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும்! அதே அம்மா, அதே சமையல், அதே துணி துவைப்பு. சம்பளம் நின்றதால் கணக்கில் இருந்து காணாமல் போய்விட்டாள். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஆகவே வேலை செய்யும் பெண், வேலை செய்யாத பெண் என்ற பிரிவே சரியில்லை. கூலி வாங்கும் பெண், கூலி வாங்காத பெண் என்று வேண்டுமானால் பிரிக்கலாம். என் சித்தி இரண்டிலும் இருக்கிறார். அதுதான் அவர் பிரச்சினை.

அண்டி ஆபீஸ்

முந்திரித் தொழில் முதலில் வளர்ந்தது கொல்லத்தில். அங்கே தொழிற்சங்கங்கள் போராடிக் குறைந்தபட்சக் கூலி வாங்கியபோது, முதலாளிமார் பலர் கூலி குறைவான தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். எல்லை தாண்டினால் நாங்கள்தானே! இப்படி விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் ஆலைகள் பெருகின. வேலையாட்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

வேலை சுகமானது இல்லை. வறுத்த கொட்டையைக் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்க வேண்டும். தோட்டில் இருந்து வரும் எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும். சாம்பலோ எண்ணெயோ கையில் தடவிக்கொள்வார்கள். விரல் கறுத்துப்போகும். கல்யாண வீட்டில் கையை முந்தானைக்குள் மறைக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உடைத்தல், தோல் நீக்கல், தரம் பிரித்தல் என்று பிரிவுகள் உண்டு. கூலி பெரும்பாலும் எடைக்கு. கேரள முந்திரித் தொழிலாளிப் பெண்களைப் பற்றி ஆராய்ந்த அன்னா லிண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டு வரலாற்றாளர், கை பொள்ளும் உடைக்கும் பிரிவில் தலித் பெண்களும், சுத்தமான தரம் பிரிக்கும் பிரிவில் மற்ற சாதிப் பெண்களும் வைக்கப்பட்டதைக் காட்டியிருக்கிறார். ஆகவே அண்டி ஆபீஸை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் அம்மாவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். பொதிச்சோற்றைப் பிரித்து வைத்து நாலு பேர் கறி மாற்றிக்கொள்வது. சீட்டுப் போடுவது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட முடியாதவளுக்குக் கைமாற்றாகக் கொடுப்பது. ஒருத்தியின் புருஷன் குடித்துவிட்டு அடித்தான் என்றால் மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்த வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். அவள் அழுவாள், மற்றவர்கள் அவனைத் திட்டுவார்கள், கடைசியில் யாராவது ஏதாவது சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். உடைக்கிற கை நிற்காது.

"அங்க கை பொள்ளும் மக்களே. ஆனா நாலு பேருட்ட மிண்டலாம். இங்க யாருட்ட மிண்டதுக்கு?" இது அம்மா சொன்னது.

லண்டனிலும் ஆஸ்திரியாவிலும் இதே கதை

ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தெற்கு லண்டனில் கேம்பர்வெல் பகுதியில் 458 பெண்களிடம் நீண்ட பேட்டி எடுத்து, 1978-ல் மனச்சோர்வின் சமூகக் காரணங்கள் பற்றிப் புத்தகம் வெளியிட்டார்கள். பெரிய கஷ்டம் வரும்போது எந்தப் பெண்கள் உடைந்துபோகிறார்கள்? நான்கு நிலைமைகளைச் சொன்னார்கள். நம்பி மனம் விட்டுப் பேச ஆள் இல்லாமை. வீட்டில் 14 வயதுக்குள் மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள். 11 வயதுக்கு முன் தாயை இழந்திருப்பது. வீட்டுக்கு வெளியே வேலை இல்லாமை.

இதில் நான் கவனித்தது ஒன்று. மனம் விட்டுப் பேச ஆள் இருந்த பெண்களுக்கு, வேலை இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அப்படி ஆள் இல்லாதவர்களுக்குத்தான் வேலை ஒரு தடுப்பாக இருந்தது. அதாவது, வேலை என்பது பேச்சுத் துணைக்கு ஒரு மாற்று!

இன்னும் பழைய ஒன்று. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் துணி ஆலை மூடப்பட்டபோது ஊர் முழுக்க வேலை போனது. மரி யஹோதா என்ற பெண்ணும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்து 1933-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வீட்டு வேலை, பிள்ளைகள், ஆலை வேலை என்று மூன்று சுமை தூக்கியிருந்த பெண்கள்கூட, பணத்துக்காக மட்டுமில்லாமல், திரும்ப ஆலைக்குப் போனால் போதும் என்று சொன்னார்கள். வேலை பணத்தைத் தவிர ஐந்து விஷயம் தருகிறது என்று யஹோதா பிற்பாடு எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஊரில் ஒரு நிலை, கைக்கு ஒரு வேலை. வேலையை விட்ட அன்று என் அம்மா இந்த ஐந்தையும் சேர்த்தே விட்டிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சம்பளத்தை மட்டும்தான் கணக்குப் பார்த்தோம்.

மதில்சுவர்

அண்டி ஆபீஸ் இல்லாத பெண்களுக்கும் பழைய காலத்தில் சில இடங்கள் இருந்தன. பொதுக் கிணற்றடி. ஆற்றில் துணி துவைக்கும் படித்துறை. சி.எஸ்.ஐ. சபைகளில் மாதர் சங்கம், கத்தோலிக்கர்களுக்கு அன்பியம். அய்யாவழிக்காரர்களுக்கு நிழல்தாங்கல். மண்டைக்காடு கோயிலைப் பெண்களின் சபரிமலை என்று சொல்வார்கள். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டமாகப் போய், கடற்கரையோரம் பொங்கலிட்டு வருகிற பெண்களைப் பாருங்கள். பக்தியோடு சேர்த்து, வருஷத்தில் சில நாள் அடுக்களையில் இருந்து விடுமுறையும் அதில் இருக்கிறது.

வளைகுடாப் பணம் வந்தபோது வீடு கான்கிரீட் ஆனது. கிணற்றில் மோட்டார் வந்தது. சுற்றி மதில், முன்னால் பெரிய கேட். சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கும் போய்விட்டது. லீலா குலாட்டி கேரளத்தில் கணவர்கள் வளைகுடா போன வீட்டுப் பெண்களைப் பற்றி 1993-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தனியாகப் பேங்குக்குப் போகவும் வீடு கட்டவும் பழகித் துணிச்சலாக வளர்ந்த பெண்களும் அதில் உண்டு, தனிமையில் நொந்தவர்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே இரண்டு வகையும் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்த பெண், பெரிய வீடு, பூட்டிய கேட். இதுதான் எங்கள் ஊரின் புதுப் படம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2021-ம் ஆண்டுக்குத் தந்த கணக்கைப் பார்த்தேன். இந்தியாவில் அந்த வருஷம் தற்கொலையால் இறந்த பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். பாதிக்கு மேல். நாட்டில் இல்லத்தரசிகள்தான் மிக அதிகம் என்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இருந்தாலும் 'வீட்டில் பத்திரமாக இருக்கிறாள்' என்று இனிமேல் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

குழு வந்தது, கடனும் வந்தது

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவின. எல்லைக்கு அந்தப் பக்கம் 1998-ல் குடும்பஸ்ரீ. கடன் வாங்கத்தான் பெண்கள் சேர்ந்தார்கள். ஆனால் வாரம் ஒருமுறை ஒரு திண்ணையில் உட்காருவது, கையெழுத்துப் போடுவது, பேங்க் மேனேஜர் முன்னால் பேசுவது என்று வேறு பல கிடைத்தன. லேஸ் வராந்தா திரும்பி வந்த மாதிரி.

பிறகு தனியார் நுண்கடன் கம்பெனிகள் வந்தன. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கூட்டுப் பொறுப்பு வைத்தார்கள். துணையாக இருந்த அதே கூட்டம் வாசலில் நின்று பணம் கேட்கிற கூட்டமாக மாறியது. ஆந்திராவில் இதனால் தற்கொலைகள் நடந்து, 2010-ல் அவசரச் சட்டமே வந்தது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025-ல் சட்டம் இயற்றியது. கூட்டம் மட்டும் போதாது, அந்தக் கூட்டம் எதற்காகக் கூடுகிறது என்பதும் முக்கியம்.

இப்போது ஜிம்பாப்வே கதை. அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-ல் ஒரு வேலை செய்தார். ஊர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். குஃபுங்கிசிசா வந்தவர்கள் பாட்டியோடு பேசலாம். 2016-ல் வெளியான பரிசோதனை முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். நம் நாட்டில் கோவாவிலும் மருத்துவர் அல்லாத ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து இப்படிச் செய்தார்கள். 2010-ல் வந்த முடிவுப்படி அரசு சுகாதார நிலையங்களில் நல்ல பலன் கிடைத்தது. வெப்ராளம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பாட்டிமார் எங்கள் ஊரில் எத்தனை பேர்! பெஞ்சுதான் இல்லை.

கடைசியாக

அம்மாவை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனது நான்தான். 'ஊளம்பாறைக்கா?' என்று அப்பா போனில் கோபப்பட்டார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "பகல்ல யாரோட பேசுவீங்க?" அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "டிவி பாப்பேன்" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலில் என் பெயர் இல்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்ல முடியாது. பள்ளி, காலேஜ், செல்போன் என்று நான் போய்விட்டேன்.

சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். தூக்கம் வந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஓசி பஸ் என்று நம் வகுப்பிலேயே கிண்டல் செய்தவர்கள் உண்டு. என் அம்மா அந்த பஸ்ஸில்தான் அருமனையில் இருந்து மார்த்தாண்டம் பக்கம் போய், அண்டி ஆபீஸில் பக்கத்தில் இருந்து உடைத்த பழைய கூட்டுக்காரியைப் பார்த்தார். இப்போது வாரம் ஒருமுறை போகிறார். பஸ் காசு கேட்க வேண்டியிருந்தால், 'எதுக்குப் போற' என்ற கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்விக்கு "சும்மா மிண்டதுக்கு" என்று எந்த அம்மாவும் பதில் சொல்லமாட்டார்.

சித்திக்கு என்ன தீர்வு? 2021-ல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கடையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. வீட்டில் இன்னும் கிடைக்கவில்லை. சித்தப்பா சோறு வைக்கப் படித்தால் கிடைக்கும்!

எனக்கு இது கடைசி வருஷம். நம் வகுப்புத் தோழிகளில் இரண்டு பேருக்கு நிச்சயம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலும் பேச்சு தொடங்கிவிட்டது. போன வாரம் ஒரு தரகர் வந்து, பையன் வெளிநாட்டில், பெண் வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, ராணி மாதிரி இருக்கலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையில் இருந்து அம்மாவின் சத்தம் வந்தது: "அவ வேலைக்குப் போவா. அதச் சொல்லீட்டு மத்தத மிண்டும்."

கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியாது. வரவு என்றே வைத்துக்கொள்கிறேன்.

பி.கு.: மனசு சரியில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவை. காசு இல்லை, தமிழில் பேசலாம். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், யாரும் சங்கிலி போடமாட்டார்கள்! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம், பகலில் யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் கேட்டால் போதும்.